214ஆம் அறையில் இடமில்லை

பருவத்தின் முதல் நாள் மாலை, இரண்டாம் மாடியில் 214ஆம் அறைக் கதவைத் தன் அட்டையால் திறந்து உள்ளே போன புள்ளியியல் ஆசிரியை, நாற்பது நாற்காலிகளும் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கணினித் திரை மட்டும் வகுப்பு நிரம்பிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பதுக்கு நாற்பது. ஓர் இடம்கூட மிச்சமில்லை.

அவர் பதினெட்டு வருடங்களாக அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆசிரியை. வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும்வரை அடுத்த வருடம் நிச்சயமில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சராசரி டீச்சர்'. மற்ற ஆசிரியர்களுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேள்விப்பட்ட பிறகு, தன் பெயரில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு கூட்டம் நின்றது. பெரும்பாலும் மருத்துவமனைச் சீருடை. பணி முடிந்த கையோடு வந்திருந்தார்கள் என்பது அவர்கள் சுவரில் சாய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவர்களில் உயரமான ஒரு நர்ஸ் தலையை உள்ளே நீட்டினாள்.

"டீச்சர், உள்ள யாருமே இல்லையே. நாங்க வரலாமா?"

"பேர் பதிஞ்சிருக்கீங்களா?"

"பதியப் போனா இடமில்லைன்னு வருது."

"அப்ப அந்த நாற்பது பேர் யாரு?"

"அதைத்தான் நாங்க உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தோம்."

ஆசிரியை கால்மணி நேரம் காத்திருந்தார். நாற்பது பேரில் ஒருவரும் வரவில்லை. பிறகு கதவை அகலத் திறந்து, "வாங்க, உக்காருங்க. கால் வலிக்கும்" என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் உயரமான நர்ஸ் மட்டும் தயங்கி நின்றாள். அவள் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள். அங்கே அறுவை அறைகள் இரண்டு. ஒன்று பழையது, இன்னொன்று போன வருடம் ரிப்பன் வெட்டித் திறந்தது. புது அறையில் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அடிக்கடிக் காய்ச்சல் வருவதாக அவளுக்குத் தோன்றியது. தலைமை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். 'அதெல்லாம் தற்செயல். நீ என்ன புள்ளிவிவரம் படிச்சவளா?' என்று கேட்டிருக்கிறார்.

"அதான் டீச்சர், படிச்சிட்டே கேட்டுடலாம்னு வந்தேன். தற்செயலா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்காமே?"

"இருக்கு. இந்தப் பருவத்துலயே வரும்" என்றார் ஆசிரியை. பல வருடங்களுக்குப் பிறகு, தன் பாடம் யாருக்கோ உண்மையாகவே தேவைப்படுகிறது என்ற நினைப்போடு அன்று பேருந்து ஏறினார்.

மறுநாள் காலை அட்டவணைப் பிரிவிலிருந்து குறிப்பாணை வந்தது. 'பதிவில்லா நபர்கள் பதிவுள்ள இருக்கைகளில் அமர்ந்தமையால் மேற்படி இருக்கைகளின் காலித்தன்மைக்குக் குந்தகம் விளைந்துள்ளது. தக்க விளக்கம் தருக.'

விளக்கம் தரவேண்டியவர், விளக்கம் கேட்டுப் போனார்.

அட்டவணைப் பிரிவு முதன்மைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். டீ வேண்டுமா என்று கேட்டார்; கையில் டீ இல்லாவிட்டாலும் கேட்டார். 214 என்றதும் முகம் மலர்ந்தது.

"அருமையான வகுப்பும்மா அது. திறந்த அன்னிக்கே நிரம்பிடுச்சு."

"யாரால நிரம்புச்சு?"

"ஆளால இல்லம்மா. பிடிப்பால." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. பன்னெண்டு இருக்கை புவியியல் மூணாம் வருஷத்துக்குப் பிடிச்சு வெச்சிருக்கு."

"அவங்களுக்கு இந்தப் பாடமே கிடையாதே?"

"வேணும்னு தோணினா? எட்டு, தத்துவத் துறைக்கு."

"தத்துவத் துறையை மூடி ஆறு வருஷம் ஆச்சுங்க."

"மூடினது துறையைத்தானே, இருக்கையை இல்லையே. பத்து, அடுத்த வருஷம் சேரப்போற பிள்ளைங்களுக்கு. பாவம், இந்த வருஷம் அவங்களுக்காகப் பேச யார் இருக்கா? அஞ்சு, எதிர்பாராத தேவைக்கு. மிச்சம் அஞ்சு, பிடிச்சு வெச்ச இடம் பத்தலைன்னா பிடிச்சு வைக்கறதுக்கு."

ஆசிரியை ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். "எதிர்பாராத தேவைன்னீங்களே, அந்த அஞ்சையாவது குடுங்க. இவங்க எதிர்பாராமத்தான் வந்திருக்காங்க."

எழுத்தர் வருத்தத்தோடு தலையாட்டினார். "எதிர்பாராத தேவைன்னா போன பருவமே எழுதிக் குடுத்திருக்கணும்மா."

"நர்ஸுங்களுக்குப் பதிவு இருந்தாத்தான் ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் விடுப்பு தருவாங்க. இல்லைன்னா பணி இருக்கற நாள்ல அவங்க வரவே முடியாது."

"அது இன்னும் நல்லது. வகுப்புல மோதல் வராது" என்றார் எழுத்தர். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

மோதல் என்றால் என்ன என்பது அந்த வாரமே நடந்த கால அட்டவணைக் கூட்டத்தில் விளங்கியது. அட்டவணை இயக்குநர் பேசினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை, கையில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு. அதைத் திரையில் காட்டிக் காட்டிப் பேசினார்.

"நான் பொறுப்பேற்றபோது இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு நானூறு மோதல்கள். ஒரே நேரத்தில் ஒரு மாணவனுக்கு இரண்டு வகுப்பு. ஒரே அறையில் இரண்டு ஆசிரியர். நாங்கள் ஆழமாக ஆராய்ந்தோம். ஒவ்வொரு மோதலிலும் பொதுவாக ஒன்று இருந்தது. மாணவர்! மாணவர் இல்லாத இடத்தில் ஒரு மோதல்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு வெளிச்சம் கிடைத்தது. இன்று எழுபது விழுக்காடு அறைகளில் மோதல் பூஜ்யம். ஒரு நாற்காலி உடையவில்லை. மின்கட்டணம் பாதி. இருக்கை வேறு, உட்காருவது வேறு என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் நாம்தான்."

கைதட்டினார்கள். ஆசிரியையும் தட்டினார். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் கணக்கில் வரும்.

பிறகு எழுந்து தன் பிரச்சினையைச் சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை. அவர் யார்மேலும் கோபப்பட மாட்டார் என்று பெயர் எடுத்தவர்.

"மேடம், பிடிச்சு வெச்ச இருக்கையை விடுவிக்கறது இருக்கே, அது குடுத்த வாக்கை மீறுற மாதிரி. ஆனா உங்களுக்காக ஒரு வழி இருக்கு. இணைப்பு. உங்க பாடத்தை, இடம் இருக்கற இன்னொரு பாடத்தோட இணைச்சிடலாம். ரெண்டு பாடம், ஒரே நேரம், ஒரே இடம். பேர் மட்டும் அந்தப் பாடத்துல பதிஞ்சுக்கணும்."

"எந்தப் பாடத்துல இடம் இருக்குங்க?"

பின்வரிசையிலிருந்து எழுத்தர் குரல் கொடுத்தார். "நீச்சல், தொடக்கநிலை. நாற்பது இடமும் காலி. குளத்துல தண்ணியே இல்லாததால யாரும் சேரல."

"பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர். "உங்ககிட்ட ஆள் இருக்கு, இடமில்லை. அவங்ககிட்ட இடம் இருக்கு, ஆளில்லை. தண்ணி ரெண்டு பேருக்கும் தேவையில்லை. இதைவிடப் பொருத்தம் உண்டா?"

வீட்டில் அவர் கணவர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். சமையலறைத் தரையில் ஒரு பழைய கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டிருந்தவர், முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உனக்கு நீச்சல் தெரியாதே?"

"தண்ணி இல்லைங்க."

"அப்ப சரி" என்று மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். அவருக்கும் களைப்பு.

இப்படியாகப் புள்ளியியல் வகுப்பு நீச்சல் குளத்துக்குள் நடக்கத் தொடங்கியது. நீல ஓடு பதித்த பெரிய குளம். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் இரண்டாள் ஆழம், நடுவில் சரிவு. ஆழமான பக்கத்துச் சுவரில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தார்கள். நர்ஸுகள் சரிவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேனா கீழே விழுந்தால் உருண்டு ஆசிரியையின் காலடிக்கு வந்துவிடும். பேசினால் எதிரொலித்தது, 'நிகழ்தகவு' என்று ஒருமுறை சொன்னால் மூன்று முறை கேட்டது. அதனால் மறக்க முடியாமல் போனது ஒரு லாபம்.

குளத்துக்கு ஓர் உயிர்காப்பாளர் இருந்தார். எல்லோரும் அவரை 'விசில்' என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீர் வற்றி நாலு வருடம் ஆகியும் அவரை யாரும் நிறுத்தவில்லை, அவரும் நிற்கவில்லை. தினமும் வந்து கரையில் இருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலிக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று இருபத்தைந்து உயிர்கள் கிடைத்தன. யாராவது வேகமாக நடந்தால் விசில் ஊதினார். "ஓடக் கூடாது! வழுக்கும்!" யாராவது சரிவின் கீழ்ப்பக்கம் போனால் ஊதினார். "அது ஆழம்மா, மேல வாங்க!"

"நான் அங்கதாங்க நின்னு எழுதணும்" என்றார் ஆசிரியை.

"நீங்க போகலாம். உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பதினெட்டு வருடத்தில் தன் பாதுகாப்பைப் பற்றி அங்கே கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான் என்று ஆசிரியைக்குத் தோன்றியது.

வாரங்கள் போயின. உயரமான நர்ஸ் ஒரு நாளும் தவறவில்லை. இரவுப் பணி முடித்து, பகலிலும் தூங்காமல் வந்து, கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் வந்ததும் வராததுமாகக் கரையிலிருந்தே சொன்னாள்.

"நேத்தும் ஒருத்திக்குக் காய்ச்சல் டீச்சர். இருபது வயசுகூட ஆகல. பிள்ளையைத் தூக்கிக் காட்டினா கண்ணைத் திறந்து பாக்க மாட்டேங்கறா. தலைமை டாக்டர் அதே பதில்தான்."

ஆசிரியை அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்தார். "சரி, இனி உங்க கணக்கையே போடுவோம். பழைய அறையில எத்தனை அறுவை, எத்தனை காய்ச்சல்? புது அறையில எத்தனை? பொறுமையா எண்ணிச் சொல்லுங்க. ஒண்ணுகூடக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

எண்ணி முடிக்க இரண்டு வாரம் ஆனது. பழைய அறையில் நூறு பேரில் மூன்று பேருக்குக் காய்ச்சல். புது அறையில் நூறு பேரில் பதின்மூன்று. கேட்டதும் வகுப்பு 'ஐயோ' என்றது.

"ஐயோன்னு சொல்றது கணக்கு இல்ல" என்றார் ஆசிரியை. "தற்செயலா இப்படி வர எவ்வளவு வாய்ப்புன்னு பாக்கணும். அதுக்கப்புறம் சொல்லலாம் ஐயோ."

இதற்கிடையில் தர ஆய்வுக் குழு ஒன்று குளத்தைப் பார்வையிட்டுப் போயிருந்தது. மூன்று பேர், கரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார்கள். கரும்பலகையை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அறிக்கை மட்டும் கறாராக இருந்தது: 'நீச்சல் வகுப்பு நடைபெறும் முறை கவலையளிக்கிறது. பயிற்சி நேரம் முழுவதிலும் ஒரு மாணவர்கூட நனையவில்லை.'

நாலு வருடமாகக் கேட்டும் வராத தண்ணீர், அறிக்கை கிடைத்த மூன்றாம் நாள் வந்தது. வகுப்பு நடக்கும்போதே வந்தது.

ஆசிரியை பலகையில் கணக்கின் நடுவில் இருந்தார். சுவரில் ஒரு குழாய் இருமியது. துருப்பிடித்த தண்ணீர் கொஞ்சம் கக்கி, பிறகு தெளிந்து, பீறிட்டு அடித்தது. விசில் தன் நாற்காலியில் எழுந்து நின்றார். நாலு வருடத்தில் முதல் முறையாகக் காரணத்தோடு ஊதினார்.

"எல்லாரும் மேல வாங்க! டீச்சர், விட்டுட்டு வாங்க!"

"இன்னும் ரெண்டு வரிதாங்க!"

"தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சும்மா!"

ஆசிரியை எழுதிக்கொண்டே இருந்தார். பலகையின் கீழ்ப்பாதி நனைந்து சாக்பீஸ் வழுக்கியது. உயரமான நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரியை ஆசிரியை பலகையின் மேல் ஓரத்தில் எக்கி எழுதினார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சரிவேறி, ஏணிப்படியில் உட்கார்ந்தார்கள். இடுப்புவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்ன வந்துது டீச்சர்?"

"ரெண்டு அறையும் ஒண்ணுதான்னா, நூறு தடவை எண்ணினாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா ஒரு தடவை வர்றதே கஷ்டம்." ஆசிரியைக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "தற்செயல் இல்ல. அந்த அறையில என்னவோ இருக்கு."

கீழே கரும்பலகை மெல்லக் கிளம்பி மிதக்கத் தொடங்கியது. அதன்மேல் இருந்த எண்கள் கரைந்து போவதை நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இப்ப சொல்றேன் டீச்சர், ஐயோ" என்றாள்.

தலைமை டாக்டர் கணக்கைக் கேட்டுக்கொண்டாராம். 'படிச்சதுக்குச் சான்றிதழ் கொண்டா, அப்புறம் பேசலாம்' என்றாராம்.

பருவத் தேர்வு வந்தது. புள்ளியியல் தேர்வு 214ஆம் அறையில், பதிவான நாற்பது இருக்கைகளுக்கு விமரிசையாக நடந்தது. நாற்பது வினாத்தாளும் மேசைகள்மேல் வைக்கப்பட்டு, மூன்று மணி நேரம் மேற்பார்வையிடப்பட்டு, திரும்ப எடுக்கப்பட்டன. காப்பியடித்ததாக ஒரு புகாரும் இல்லை. நர்ஸுகள் நீச்சலில்தானே பதிவாகியிருந்தார்கள். அவர்களுக்கு மதிப்பெண் போட அதிகாரம் உள்ள ஒரே ஆள் உயிர்காப்பாளர். அவர் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டார்.

"எல்லாருக்கும் எப்படிங்க நூறு?" என்று கேட்டார் ஆசிரியை.

"ஒருத்தரும் மூழ்கலையே டீச்சர். எங்க பாடத்துல அதுதான் தேர்ச்சி."

சான்றிதழில் 'நீச்சல், தொடக்கநிலை, சிறப்புத் தகுதி' என்று அச்சாகியிருந்தது. புள்ளியியல் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. உயரமான நர்ஸ் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியாத முகத்தோடு, "பரவால்ல டீச்சர். இதையே கொண்டு போறேன்" என்றாள்.

ஆசிரியைக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, 214ஆம் அறையில் அவருடைய பாடத்துக்கு வருகை பூஜ்யம் என்பதால் தேவை இல்லாத பாடமாகக் கருதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றது. இரண்டாவது, மோதல் பூஜ்யம், சேதம் பூஜ்யம், மின்செலவு பூஜ்யம் என்ற காரணங்களால் 214 இந்த ஆண்டின் தலைசிறந்த வகுப்பறையாகத் தேர்வு பெற்றிருப்பதாகவும், பொறுப்பாசிரியர் என்ற முறையில் விருதை நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படியும் அன்போடு அழைத்தது.

"போகாதே" என்றார் கணவர்.

"பதினெட்டு வருஷத்துல முதல் தடவை கூப்பிடுறாங்க" என்றார் ஆசிரியை. எதற்காகப் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை மேடையில் ஒரு நிமிடம் பேசவிட்டால், இருபத்தைந்து பேர் படித்தார்கள் என்றாவது சொல்லலாம்.

விழா அரங்கின் வாசலில் காவலாளி பட்டியலைப் பார்த்தார்.

"உங்க பேர் இருக்கும்மா. ஆனா உங்க இருக்கையை விருது வாங்கறவங்களுக்குன்னு பிடிச்சு வெச்சிருக்காங்க."

"விருது வாங்கறது நான்தாங்க."

காவலாளி யோசித்தார். நியாயமான மனிதர். "அப்ப ஒண்ணு பண்ணலாம். அவங்க வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு உங்களை உள்ள விட்டுடறேன்."

கதவு இடுக்கில் உள்ளே தெரிந்தது. முன் வரிசைகள் முழுக்க வெள்ளை உறை போட்ட காலி நாற்காலிகள். மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் ஒரு வகுப்பறையை எவ்வளவு தூய்மையாக வைத்திருக்க முடியும் என்பதற்கு..." என்ற இடத்தில் ஆசிரியையின் கைபேசி அடித்தது. தாழ்வாரத்தின் கோடிக்கு நகர்ந்து எடுத்தார்.

"டீச்சர், நான்தான்." உயரமான நர்ஸின் குரல் மூச்சிரைத்தது. "புது அறையை மூடிட்டாங்க!"

"என்னது?"

"தலைமை டாக்டர் சான்றிதழைப் பாத்து சிரிச்சார். நீச்சலான்னு கேட்டு எல்லார்கிட்டயும் காட்டினார். எனக்கு ஆத்திரம் தாங்கல டீச்சர். காலை கூட்டத்துல எல்லா டாக்டரும் இருந்தாங்க, சுவர்ல பலகை இருந்துது. எழுந்து போயி நீங்க போட்ட கணக்கை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போட்டேன். ஒரு வரிகூட விடல. முடிச்சதும் மயக்க மருந்து குடுக்கற டாக்டரம்மா எழுந்து, இது சரியா இருக்கே, மேல் கூரையைப் பிரிச்சுப் பாருங்கன்னாங்க. பிரிச்சா, குளிர்சாதனக் குழாய் ஒழுகி உள்ள பூரா பூசணம் பிடிச்சுக் கிடக்கு. மேசைக்கு நேர் மேல டீச்சர்!"

ஆசிரியை சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அந்தப் பொண்ணு? இருபது வயசுன்னீங்களே?"

"நல்லா இருக்கா. போன வாரமே வீட்டுக்குப் போயிட்டா."

உள்ளே ஒலிபெருக்கியில் ஆசிரியையின் பெயர் கூப்பிடப்பட்டது. கைதட்டல் எழுந்தது. விருது பெறுபவர் வர இயலாத காரணத்தால் அவர் சார்பில் இயக்குநரே விருதைப் பெற்றுக்கொள்வார் என்று அறிவித்தார்கள். இயக்குநர் இயக்குநரிடமிருந்து விருதைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும்; கைதட்டல் மறுபடியும் எழுந்தது.

"என்ன டீச்சர் சத்தம்? வகுப்புல இருக்கீங்களா?"

"இல்ல. சும்மா ஒரு விழா. நீங்க சொல்லுங்க."

"அறையைச் சுத்தம் பண்ணி மறுபடி திறக்கப் போறாங்க. இனிமே சரியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்னு மயக்க டாக்டரம்மா கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எத்தனை பேரை எண்ணணும், எவ்வளவு நாள் எண்ணணும்? அந்தப் பாடம் நாம படிக்கலையே."

"அது அடுத்த பருவத்துப் பாடம்" என்று சொல்ல வாயெடுத்த ஆசிரியை நிறுத்திக்கொண்டார். அடுத்த பருவம் என்று ஒன்று அவருக்கு இல்லை. நாளை காலை எங்கும் போக வேண்டியதும் இல்லை. "நான் இப்பவே அங்க வரேன்" என்றார்.

"இப்பவேவா? வாங்க டீச்சர். ஆனா இங்க உக்காரக்கூட இடம் கிடையாது. வார்டு பூரா ஆளு."

"பரவால்ல" என்றார் ஆசிரியை, படியிறங்கிக்கொண்டே. "ஆள் இருக்காங்கல்ல, அது போதும். நின்னுக்கிட்டே பேசிக்கலாம்."